தேயாத பெடல்

அத்தியாயம் 14

ஹாரன் அலறியது.

ஒரு முறை, இரண்டு முறை என்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இது நிற்கவே இல்லை. சர்வீஸ் சென்டரின் தகரக் கூரை சத்தத்தை வாங்கித் திருப்பி அடிக்க, கூடம் முழுவதும் ஒரே கூப்பாடு. டீ கிளாஸ்கள் வாய்க்குப் போகும் வழியில் நின்றன. கார் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"யாருய்யா அது, ஹாரன் மேலயே ஏறி உட்கார்ந்திருக்கிறது?" மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து கத்தினார்.

"யாருமே உட்காரலை சார்! வண்டியில ஆளே இல்ல!"

உண்மைதான். ஆறாம் நம்பர் மேடையில் நின்றது ஒரு வெள்ளைக் கார். லாரியில் ஏற்றி வந்ததை நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்து இப்போதுதான் நிறுத்தினார்கள். நிறுத்திய மறுநொடி இந்த ஓலம்.

மூத்த மெக்கானிக் ஓடிப்போய் பானெட்டைத் தூக்கி, பேட்டரி வயரைக் கழற்றினார். சத்தம் பட்டென்று அறுந்தது.

வாரண்டி மேஜைக்குப் பின்னால் ஒருத்தி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. 

அது அவள் அம்மாவின் கார். ஹாரன் ஏன் அலறியது என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

'ஐயோ, அந்த வயர்! அதை மறந்துட்டேனே!'

வாரண்டி விண்ணப்பங்களைப் பார்ப்பதால் அவளை அங்கே எல்லாரும் 'வாரண்டி' என்றே கூப்பிடுவார்கள். நான்கு வருட வேலை. அவள் மேஜையில் இரண்டு ரப்பர் முத்திரைகள். 'ஏற்கப்பட்டது' என்பது புதுசு போல இருக்கும். 'நிராகரிக்கப்பட்டது' என்பதன் பிடி அவள் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்துப் போயிருந்தது.

கம்பெனி கொடுக்காத பொருள் எதை வண்டியில் மாட்டியிருந்தாலும் அங்கே அதற்கு 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்' என்று பெயர். வெளியே வாங்கிய விளக்கு, வெளியே போட்ட ஹாரன், பின்னால் மாட்டிய கேமரா. எது கண்ணில் பட்டாலும் மேனேஜருக்கு ஒரே வாய்ப்பாடு. "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்கா? அடி முத்திரையை!"

அவள் அம்மாவின் காரில் இருந்ததோ விளக்கும் இல்லை, கேமராவும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் குடும்பம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் அப்பா. ஒரு நொடி கண் அசந்தது. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின் சீட்டில் இருந்த மகளுக்குக் கையில் நாலு தையல். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவெல்லாம் போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அம்மா அப்பாவை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. வேறு எந்த வார்த்தையும் சொல்லவில்லை. அப்பா ஒரு மாதம் அந்த மௌனத்தோடு குடித்தனம் நடத்திவிட்டு, ஒரு பையோடு தன் பல் செட் செய்யும் கடைக்குப் போனார். கடையின் பின்னறையே அவருக்கு வீடானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மாவின் தொழிலே பேச வைப்பதுதான். வாய் திறக்காத குழந்தைகள், திக்கும் குழந்தைகள், 'அம்மா' என்ற சொல் வராத குழந்தைகள் ஆகியோரின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பார். 'பேச்சு டீச்சர்' என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியும். அந்தப் பேச்சு டீச்சர் வீட்டில்தான் இரண்டு பேர் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை.

விபத்து முடிந்த ஆறாம் மாதம் அம்மா பிடிவாதமாக இந்தக் காரை வாங்கினார். கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி. வாங்கி என்ன செய்வது? பெடலை மிதிக்கக் கால் இல்லையே. நான்கு மாதம் அது போர்வை போர்த்திக்கொண்டு போர்டிகோவில் நின்றது.

பிறகு ஒரு நாள் பார்சல் ஒன்று வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. கூடவே ஒரு ஃபிட்டர் வந்தார். நாற்பது நிமிடத்தில் எதையோ மாட்டிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி. முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம். அதன் நுனியில் ஹாரனுக்கு ஒரு பொத்தான். இன்னொரு கைக்கு, ஸ்டியரிங் மேல் ஓர் உருண்டைப் பிடி.

அன்றிலிருந்து அம்மா வீட்டில் உட்காரவில்லை.

போன வியாழக்கிழமை ஒரு திருப்பத்தில், ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மோட்டார் நின்று, ஸ்டியரிங் கல்லாகிப் போனது. இரண்டு கையாலும் இழுத்தாலே அசையாத நிலை. அம்மாவிடம் மிச்சம் இருந்தது ஒரு கை. எப்படியோ ஓரம் கட்டினார். 'எப்படிம்மா?' என்று மகள் கேட்டதற்கு, "பல்லைக் கடிச்சுக்கிட்டு" என்றார்.

வாரண்டிக்கு வண்டி வர வேண்டும். வந்தால் கைப்பிடியைப் பார்ப்பார்கள். பார்த்தால் முத்திரை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, நான்கு வருடம் முத்திரை குத்திய கை ஸ்பேனரை எடுத்தது. கைப்பிடியையும் உருண்டைப் பிடியையும் கழற்றி பீரோ மேல் வைத்தது. 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் எதுவும் இல்லை' என்று விண்ணப்பத்தில் எழுதியது.

கால்மிதி விரிப்புக்கு அடியில் ஓடிய ஹாரன் வயரை மட்டும் மறந்தது. வண்டியைத் தள்ளியபோது அதன் வெறும் முனை நகர்ந்து, பக்கத்து இரும்பில் போய் முத்தம் கொடுத்துவிட்டது.

"வரவேற்பு பலமா இருக்கே!"

வாசலில் குரல். எல்லாரும் திரும்பினார்கள்.

மாதம் ஒரு முறை வரும் கம்பெனியின் வாரண்டி இன்ஸ்பெக்டர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'லென்ஸ்' என்று பெயர்.  அவர் நாளைதான் வருவதாக இருந்தது.

"ஒண்ணுமில்ல சார், சின்ன ஸ்டியரிங் கேஸ்," என்று மேனேஜர் ஓடிவந்தார். "நம்ம வாரண்டிப் பொண்ணோட அம்மா வண்டி. ஃபைல் சுத்தமா இருக்கு. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் எதுவுமே இல்ல."

"அப்ப சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போறேன்."

லென்ஸ் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

ஒரு நிமிடம் போனது. பூதக்கண்ணாடி வெளியே வந்தது. எண்ணெய்த் தரை என்றும் பார்க்காமல் வெளுத்த பேன்ட்டோடு அவர் மண்டி போட்டார்.

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?"

"இருபத்தோராயிரம் சார்," என்றார் மெக்கானிக்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. கோயிலுக்குள் பேசுகிறவர் போலத் தணிந்திருந்தது.

"இந்த பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்க. அச்சுலேர்ந்து எடுக்கும்போது ரப்பர்ல முடி மாதிரி சின்னச் சின்ன முனை நிக்கும். பத்து நாள் மிதிச்சா காணாமப் போயிடும். இதுல அத்தனையும் அப்படியே நிக்குது." பூதக்கண்ணாடியை மெக்கானிக்கிடம் நீட்டினார். "இருபத்தோராயிரம் கிலோமீட்டர். இதுமேல ஒரு கால் பட்டதில்ல. முப்பது வருஷமா வண்டி பார்க்கிறேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. யாரும்மா ஓட்டுறது இதை? காத்தா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். தொட யாருக்கும் கை வரவில்லை.

வாரண்டி எழுந்தாள். 

"எங்க அம்மா சார். கையால ஓட்டுறாங்க. அந்தக் கருவியை ஞாயித்துக்கிழமை நான்தான் கழட்டி ஒளிச்சேன்."

மேனேஜருக்கு எல்லாம் புரிய அரை நிமிடம் ஆனது. புரிந்ததும் அவர் முகம் பிரேக் விளக்கு மாதிரி சிவந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? என் கையெழுத்தும் சேர்ந்துல்ல அந்த ஃபைல்ல இருக்கு!"

அதற்குள் மெக்கானிக் விரிப்பைத் தூக்கி, வயரின் வெறும் முனையைக் கண்டுபிடித்துவிட்டார். மேனேஜருக்கு அது போதும்.

"பார்த்தீங்களா சார்! வயரிங்ல கை வெச்சிருக்காங்க. ஹாரனே இந்தக் கூத்து அடிக்குதுன்னா ஸ்டியரிங் மோட்டார் போகாம என்ன பண்ணும்? ரிஜெக்ட் பண்ணிடுங்க. அந்தக் கருவியை இனிமே இந்த வண்டியில மாட்டவே கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க."

அது ஏறிவிட்டால் எந்த சர்வீஸ் சென்டரும் அந்தக் கைப்பிடியைத் தொடாது. வண்டி மறுபடியும் போர்வைக்குள். அம்மா மறுபடியும் ஜன்னலோரம். அந்த நான்கு மாதம் ஜன்னலோரத்தில் அம்மா எப்படி இருந்தார் என்று பார்த்தவள் மகள் ஒருத்திதான்.

"சார், என்னை என்ன வேணா பண்ணுங்க. அதை மட்டும் எழுதிடாதீங்க."

லென்ஸ் அவளைப் பார்த்தார். "கம்பெனி ரூல் புத்தகம் உன் மேஜையில இருக்காம்மா?"

இருந்தது. டீ கிளாஸ் வைக்கப் பயன்பட்டது.

"பதினோராம் பக்கம். சத்தமாப் படி."

அவள் படித்தாள். வெளிப் பொருள் பொருத்தப்பட்டிருப்பது ஒன்றே வாரண்டியை மறுக்கக் காரணமாகாது. அந்தப் பொருளால்தான் பழுது ஏற்பட்டது என்று கம்பெனி காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் கம்பெனியே பழுதைச் சரிசெய்து தர வேண்டும்.

படித்து முடித்தபோது அவள் கண் பளபளத்த முத்திரையின் மேல் போனது. விளக்கு மாட்டியதற்காகக் கதவுக் கண்ணாடி பழுதை மறுத்தது, கேமராவுக்காக ஏசி பழுதை மறுத்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. திருப்பி அனுப்பிய முகங்களில் பாதி நினைவில்கூட இல்லை. ஒரு வரி. நான்கு வருடமாகக் கிளாஸுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

"இதை நீ சனிக்கிழமை படிச்சிருந்தா ஞாயித்துக்கிழமை ஸ்பேனர் எடுத்திருக்க வேண்டாம்," என்றார் லென்ஸ். "கழட்டி ஒளிச்சதுதான் இப்போ சந்தேகத்தைக் கிளப்புது. அந்தக் கருவி மூணு மணிக்குள்ள இங்க வரணும். செஞ்ச ஆளும் வந்தா ரொம்ப நல்லது."

"யார் செஞ்சாங்கன்னே எங்களுக்குத் தெரியாது சார்."

"அது எப்படிம்மா?"

 போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள்.

"அம்மா..."

"மாட்டிக்கிட்டியா?"

"எப்படித் தெரியும்?"

"நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டுப் பேசுற. பயந்தா நாலு வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"அம்மா, அது பீரோ மேல இருக்கு. எடுத்துட்டு..."

"சக்கர நாற்காலியில இருக்கிறவ கிட்ட பீரோ மேல வெச்சு ஒளிச்சவளாச்சே நீ! நேத்தே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எடுத்தாச்சு. மடியிலதான் இருக்கு. வாடகைக் கார் பிடிச்சு வரேன். நீ போய் முகத்தைக் கழுவு."

ஒரு மணிக்கு அவள் வழக்கம்போல சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி நடந்தாள். எது நடந்தாலும் அப்பாவுக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு போக வேண்டும். டப்பாவைக் கட்டிக் கொடுப்பது அம்மாதான். 'யாருக்கு' என்று சொல்ல மாட்டார். 'இது அங்க' என்பார்.

அப்பாவின் கடை ஓர் ஆள் அகலம். அலமாரி முழுவதும் வெள்ளை மாவுத் தாடைகள், வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். ஊரில் யார் யார் வாய் எப்படி என்று அப்பாவுக்கு அத்துப்படி. சின்ன வயதில் அவளுக்கு அந்தத் தாடைகள்தான் பொம்மைகள்.

அப்பா ஒரு பல் செட்டின் ஈறுப் பகுதியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூக்கு, மீசை, விரல் எல்லாம் ரோஸ் நிறத் தூள்.

"வா பாப்பா. வண்டி எப்படி இருக்கு?"

தினமும் இதே கேள்விதான். 'அம்மா எப்படி இருக்கா' என்று ஒரு நாள் கேட்டதில்லை. வண்டி எப்படி இருக்கு. சத்தம் ஏதாவது வருதா. பிரேக் எல்லாம் சரியா பிடிக்குதா. அன்று ஓட்டிய குற்ற உணர்ச்சியில் உளறுகிறார் என்றே இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள்.

"ஸ்டியரிங் போச்சுன்னு சொன்னேன்ல? இன்னிக்கு கம்பெனியிலேர்ந்து ஆள் வந்துட்டாரு. நான் அந்தக் கைப்பிடியைக் கழட்டி ஒளிச்சு வெச்சேன். மாட்டிக்கிட்டேன்."

தேய்க்கும் கை நின்றது.

"கழட்டினியா? நீயா?"

"ஆமா."

"எதால?"

"ஸ்பேனராலப்பா."

"விரிசல் ஏதும்... உடையலையே?"

"வேலை போகப் போகுதுன்னு சொல்றேன், நீங்க கம்பியைப் பத்திக் கேக்குறீங்களே!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சரி சரி. போ. நேரமாகுது." அவள் வாசலுக்குப் போன பிறகு பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல். "அவங்க... அது இல்லாம ஓட்ட முடியாதில்ல?"

"முடியாது."

அவள் திரும்பிப் பார்த்தபோது அப்பா டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டரைக்கு வாடகைக் கார் வந்தது. சக்கர நாற்காலியில் இறங்கிய அம்மா, மடியில் துண்டால் சுற்றிய பொருளோடு கூடத்துக்குள் வந்தார். கைக்குழந்தையைக் கொண்டுவருகிறவர் போல இருந்தது.

"நான்தான் காத்து," என்றார் லென்ஸைப் பார்த்து. "என் பொண்ணு அப்புறம் போன்ல எல்லாம் சொன்னா."

லென்ஸ் முதல் முறையாகச் சிரித்தார்.

மேஜை மேல் துண்டு விரிந்தது. இரண்டு எஃகுத் தண்டுகள், ஒரு கைப்பிடி, ஓர் உருண்டைப் பிடி, பெடல்களின் தண்டைக் கவ்வும் இரண்டு கவ்விகள். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மேனேஜர்கூட, "இவ்வளவுதானா?" என்றார்.

லென்ஸ் ஒரு கவ்வியை எடுத்துத் திருப்பினார். அதன் உட்புறத்தில், இரும்பு இரும்பைத் தொடாமல் இருக்க, வழுவழுப்பாக ஏதோ ஒன்று பூசி இறுகியிருந்தது. பூதக்கண்ணாடி வந்தது.

"மெக்கானிக், அந்த பெடல் தண்டு மேல ஏதாவது நம்பர் புடைச்சிருக்கா?"

மெக்கானிக் காருக்குள் தலையை விட்டார். "இருக்கு சார். பார்ட் நம்பர். நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு."

"இங்க பள்ளமா இருக்கு. கண்ணாடியில தெரியிற மாதிரி திரும்பி." லென்ஸின் குரல் மறுபடி கோயில் குரலானது. "எட்டு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு, நாலு. ஒரு கோடு விடல. அந்தத் தண்டை அப்படியே அச்சு எடுத்து, அதுக்குன்னே இதை வார்த்திருக்காங்க. இது இந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் பொருந்தும். உலகத்துல வேற எந்த வண்டிக்கும் பொருந்தாது."

மெக்கானிக் கவ்வியை வாங்கித் தண்டின் மேல் வைத்தார். 'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கையை எடுத்தார். திருகு போடாமலே அது பிடித்துக்கொண்டு நின்றது.

"சார், இருபது வருஷமா ஃபிட்டிங் பண்றேன்," என்றார் மெக்கானிக். "ஒரு ஓட்டை போடல. ஒரு கீறல் இல்ல. ஹாரன் வயரைக்கூட அறுக்கல, பிளக் வெச்சு நடுவுல சொருகியிருக்கு. வண்டிக்கு வலிக்கக் கூடாதுன்னு செஞ்ச மாதிரி இருக்கு சார்."

"அதெல்லாம் சரி, மோட்டார் ஏன் போச்சு?" மேனேஜர் விடவில்லை.

"திறந்து பார்த்துடுவோம்," என்றார் லென்ஸ்.

ஸ்டியரிங் தண்டின் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே, மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டின் மேல், தொழிற்சாலையில் போட்ட மஞ்சள் பெயின்ட் கோடு முழுசாக இருந்தது. வண்டி பிறந்த நாளிலிருந்து யாரும் அதைத் திருகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதற்கும் பின்னால் இருந்த பிளக்கை உருவினார் மெக்கானிக். ஆறு பின்களில் ஒன்று சரியாக அமராமல் பாதியில் நின்று, சூடேறிக் கருகியிருந்தது.

 மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது எங்க தப்பு," என்றார் லென்ஸ். "தொழிற்சாலையில பாதி சொருகி அனுப்பியிருக்காங்க. புது மோட்டார் கம்பெனி தரும். அதுவரைக்கும் ரோட்டுல எடுக்கக் கூடாது." பிறகு சற்றுத் தயங்கினார். "அம்மா, ஒண்ணு கேக்கலாமா? பின்னைச் சுத்தம் பண்ணி அழுத்திட்டா, இந்த யார்டுக்குள்ள மட்டும் ஒரு சுத்து ஓட்டலாம். நான் பார்க்கணும். ரிப்போர்ட்டுக்கு இல்ல. எனக்கு."

அம்மா மகளைப் பார்த்தார். "நாற்காலியைக் கதவுகிட்ட தள்ளுடி."

மாட்டி முடிக்க அரை மணி நேரம். மெக்கானிக் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி உயிர் பெற்றது.

மகள் இத்தனை நாள் பின் சீட்டில்தான் போயிருக்கிறாள். விபத்துக்குப் பிறகு முன்னால் உட்காரத் தைரியம் வரவில்லை. கார் கம்பெனியில் வேலை, கார் ஓட்டக் கற்றுக்கொள்ள மனம் இல்லை. பின்னாலிருந்து அம்மாவின் கொண்டையைத்தான் பார்த்திருக்கிறாள். கையைப் பார்த்ததில்லை.

இப்போது வெளியே நின்று பார்த்தாள்.

ஒரு கை உருண்டைப் பிடியில். ஒரு கை கைப்பிடியில். வண்டி மேடையிலிருந்து பின்னோக்கி வழிந்தது. இரண்டு பக்கமும் கார்கள். நடுவில் ஒரு ஜாண், இரண்டு ஜாண் இடைவெளி. அம்மா அவசரப்படவே இல்லை. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இடுகிறவரின் நிதானம் அந்த மணிக்கட்டில் இருந்தது. கோணல்மாணலாக நின்ற ஒன்பது கார்களுக்கு நடுவே பின்னாலேயே போய், யார்டின் மூலையில் ஒரே வீச்சில் திரும்பி, புறப்பட்ட இடத்தில் அதே கோட்டில் வந்து நின்றது வண்டி. நின்றது தெரியவில்லை. அத்தனை மெது.

கார் கழுவுகிறவர் கைதட்ட ஆரம்பித்தார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கைதட்டுவதுகூட அதிகப்படியாகத் தோன்றியிருக்க வேண்டும்.

"நான் காலால ஓட்டுறேன்," என்றார் லென்ஸ் தனக்குத்தானே. "வெட்கமா இருக்கு."

அவர் விண்ணப்பத்தை வாங்கி, 'எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் எதுவும் இல்லை' என்ற வரியை வாரண்டியிடம் காட்டினார்.

"இதை நீயே அடி. அடிச்சுட்டு, நடந்ததை உன் கையால முழுசா எழுது. உன் விஷயத்தை என்ன பண்றதுன்னு மேலிடம் சொல்லும். அதுல நான் ஒண்ணும் ஒளிக்க மாட்டேன்."

"சரி சார்."

"வாரண்டியை நான் ஏத்துக்கிட்டேன். ஆனா ஒரு சிக்கல். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பொருள். இதைச் செஞ்சது யார்னு தெரியாம, அவர் கையெழுத்து இல்லாம, இது மாட்டின வண்டியை வெளியே விட ரூல் இடம் கொடுக்காது. மோட்டார் வெள்ளிக்கிழமை வந்துடும். அதுக்குள்ள அந்த ஆள் இங்க வந்து கையெழுத்துப் போடணும்."

"பேர் தெரியாத பார்சல் சார் அது..." என்று வாரண்டி ஆரம்பித்தாள்.

"தேடு. இப்படி ஒரு கை எங்கேயும் ஒளிஞ்சு கிடக்காது."

அவர் காருக்குள் குனிந்து ஒரு கவ்வியைக் கழற்றி, அடையாளத்துக்கு அவள் கையில் வைத்துவிட்டு மேனேஜரோடு உள்ளே போனார்.

அவள் அதைப் புரட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் உட்புறத்தைப் பார்க்கவே இல்லை. யார்டு வெயிலில் இப்போதுதான் அதன் நிறம் தெரிந்தது.

ரோஸ். ஈறு நிற ரோஸ்.

பிறந்ததிலிருந்து பார்க்கும் நிறம். அப்பாவின் நகக்கண்ணில், மீசையில், அவளுடைய பழைய பள்ளிக்கூட நோட்டு அட்டையில்கூட ஒட்டியிருந்த நிறம். வாய்க்கு அச்சு எடுக்கும் அதே மாவை ஒரு பெடலுக்கு வைத்து, அது இறுகும்வரை காத்திருந்து, உருவி, வார்த்து, தேய்த்து, வலிக்காமல் கவ்வும்படி...

'விரிசல் ஏதும்... உடையலையே?'

 தினமும் ஒரு மணிக்கு வண்டியைப் பற்றி விசாரித்தது எதற்கு என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

அம்மா காரிலேயே உட்கார்ந்திருந்தார். கைப்பிடியின் மேல் கை அப்படியே இருந்தது. மகள் ஜன்னலருகே குனிந்தாள்.

"அம்மா, இது யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அம்மா திரும்பவில்லை.

"அப்பாம்மா. அப்பாதான் செஞ்சிருக்காரு. நான் வேலைக்கு வந்திருந்தப்போ, உனக்குத் தெரியாம வீட்டுக்கு வந்து, காருக்குள்ள இறங்கி அச்சு எடுத்திருக்காரு."

கைப்பிடியை அம்மாவின் கட்டைவிரல் ஒரு முறை தடவிக் கொடுத்தது.

"எனக்குத் தெரியாமலா? ரெண்டு மணி நேரம் அந்த பெடலுக்கு அடியில தலைகீழா படுத்துக் கிடந்தாருடி, ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டே இருந்தேன். அன்னிக்கு கார் சாவியை வாசல் ஆணியில மாட்டி வெச்சதே நான்தான்."